தாமதத்துக்குக் காரணம்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பதினாறு. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். மேனேஜர் மட்டும் நேரிலேயே கூப்பிடுவார். அந்த டிராவல்ஸ் கம்பெனியில் பதினோரு மேசைகள். பத்து மேசைகளில் போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் என்று வேலை ஓடும். உலகச்சுற்று டிக்கெட் வந்தால் மட்டும் ஃபைல் நேராகக் கடைசி மேசைக்கு, ஜன்னலுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அவளிடம் வந்துவிடும்.

உலகச்சுற்று டிக்கெட்டில் அதிகபட்சம் பதினாறு செக்டர்கள். ஒரு விமானத்தில் ஏறி இறங்கினால் ஒரு செக்டர். பதினாறு முடிவதற்குள் உலகத்தைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட ஊருக்கே வந்துவிட வேண்டும். கிழக்கே கிளம்பினால் கிழக்கேதான். நடுவில் மனம் மாறி மேற்கே திரும்பக் கூடாது. ஒரு செக்டரில் ஏறாமல் விட்டால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் செத்துவிடும். தேதியை மாற்றுவது சுலபம், ஒரு போன் போதும். ஊரை மாற்றுவதுதான் வேலை. பின்னலில் ஓர் இழையை உருவினால் மற்ற இழைகளெல்லாம் அசைவதுபோல, ஓர் ஊரை எடுத்தால் பாக்கி ஊர்களெல்லாம் அசையும். எல்லாவற்றையும் மறுபடி இழுத்துக் கட்டி, விதிக்குள் அடங்குகிறதா என்று பார்த்து, புது டிக்கெட் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக அவள் இதைச் செய்கிறாள். அவள் போட்ட டிக்கெட் எந்த விமான நிலையத்துக் கவுண்டரிலும் திரும்பியதில்லை. அதை அவளாக யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள். மற்றவர்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

அண்ணனுக்கும் அவள்தான் டிக்கெட் போடுவாள். பாட்டிலில் திரவம் நிரப்பி மூடி போடும் இயந்திரங்களைச் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. இயந்திரம் விற்ற ஊர்களுக்கெல்லாம் போய், அதை நிறுவி, ஓட்டிக் காட்டி, அங்குள்ளவர்களுக்குப் பழக்கிவிட்டு வருவான். வருடத்துக்கு ஒரு முறை கிழக்கே கிளம்பி மூன்று மாதம் கழித்து மேற்கிலிருந்து வந்து இறங்குவான். அவன் போகும் ஊர்களின் பெயர்களை அவள் மனதில் வைத்துக்கொள்வதில்லை. சிரப் ஊர், ஷாம்பு ஊர், சமையல் எண்ணெய் ஊர் என்று வைத்துக்கொள்வாள். தன் கம்பெனியின் டிக்கெட் வேலை முழுவதையும் தங்கை இருக்கும் ஆபீசுக்குத் திருப்பிவிட்டவன் அவன்தான். அந்த வருடம்தான் அவளுடைய வேலை நிரந்தரமானது. அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியதில்லை என்பதை மட்டும் அவ்வப்போது சொல்லிக்காட்டுவான்.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். முப்பத்து நான்கு வருடம் ஒரு மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ரிஜிஸ்டரில் எழுதினார். ஓய்வு பெற்ற பின்பும் கை நிற்கவில்லை. மகன் பயணம் கிளம்பும்போதெல்லாம் மகளிடமிருந்து விவரம் வாங்கி, ஒரு நீள நோட்டில் கோடு போட்டு ஏற்றிவிடுவார். வண்டி எண், புறப்பாடு, வருகை, தாமதம், கடைசியாகத் தாமதத்துக்குக் காரணம். விமானமும் அவருக்கு வண்டிதான். ஒவ்வோர் ஊரிலும் இறங்கியதும் அண்ணன் ஒரு வரி செய்தி அனுப்புவான். அப்பா நோட்டை எடுத்து எழுதிவிட்டு, "வண்டி வந்துடுச்சு" என்பார். அம்மா அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்காருவாள்.

அந்தத் திங்கட்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் ஏற்கெனவே பலவீனம். இப்போது நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. டாக்டர் வராந்தாவில் நின்றபடி, இந்த வாரத்தைத் தாண்டினால் பார்க்கலாம் என்றார். பார்க்க வேண்டியவர்கள் யாராவது வெளியூரில் இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். பார்க்க வேண்டியவன் ஒருவன்தான். அவன் ஒன்பதாவது செக்டர் முடிந்து, ஒரு பெருங்கடலைத் தாண்டி, இன்னொரு பெருங்கடலைத் தாண்ட வேண்டிய நிலையில் ஷாம்பு ஊரில் இருந்தான். வீட்டுக்கு வருவதற்குள் இன்னும் நான்கு தொழிற்சாலைகள் பாக்கி.

அன்று மாலையே அவள் போன் செய்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். அவன், "எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துடு பாப்பா" என்றான். நாற்பத்திரண்டு வயதிலும் அவள் அவனுக்குப் பாப்பாதான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு உட்கார்ந்தவள் மாலை ஐந்தே முக்கால் வரை எழுந்திருக்கவில்லை. நான்கு தொழிற்சாலைகளையும் டிக்கெட்டிலிருந்து எடுத்தாள். பிறகு அந்த ஊர்களுக்குத் தனி டிக்கெட்டில் போய்க்கொள்ளலாம் என்று அண்ணனுடைய கம்பெனி மேலதிகாரியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினாள். கடல் தாண்டும் விமானத்தில் இந்த வகை டிக்கெட்டுக்கான இடம் இல்லை. ஏர்லைன்ஸில் தனக்குப் பழக்கமான ஒரு பெண்ணை மூன்று முறை கூப்பிட்டு ஓர் இடத்தைத் திறக்கவைத்தாள். கடல் தாண்டிய பின் நேரே வீட்டுக்கு வரும் விமானம் நிரம்பியிருந்தது. பின்பக்கம் சற்றுத் தள்ளியிருந்த ஒரு பெரிய விமான நிலையம் வழியாக ஒரு வழி கிடைத்தது. அந்த ஒரு துண்டு மட்டும் மேற்கு நோக்கிப் போகும். ஆனால் ஒரே கண்டத்துக்குள் முன்னே பின்னே போக விதி இடம் கொடுக்கிறது. கடலைத் தாண்டித்தான் பின்னே போகக் கூடாது. விதிப் புத்தகத்தின் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள். ஏர்லைன்ஸின் கட்டணப் பிரிவிலும் கேட்டு உறுதி செய்துகொண்டாள். மூன்று விமானங்கள். புதன்கிழமை அவன் ஊர் நேரப்படி நண்பகலில் ஏறினால், வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு இங்கே இறங்கலாம்.

டிக்கெட் போட்டு முடித்து அண்ணனுக்குப் போன் செய்தபோது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பின்னால் போகும் அந்தத் துண்டைப் பற்றி விவரமாகச் சொன்னாள். பார்ப்பதற்குத் தப்பு வழி மாதிரி இருக்கும், தப்பில்லை, கவுண்டரில் யாராவது முகம் சுளித்தால் இந்த விதியைச் சொல் என்று எண்ணையும் கொடுத்தாள். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். அவன் எவ்வளவு கவனமாகக் கேட்டான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்பா நோட்டில் புது வரி இழுத்து மூன்று வண்டி எண்களையும் எழுதிக்கொண்டார். அம்மா மூக்கில் குழாயோடு, வெள்ளிக்கிழமை காலையில் தலை வாரிவிடச் சொன்னாள். இப்படியே பார்த்தால் பயந்துவிடுவான் என்றாள்.

வியாழக்கிழமை காலை அண்ணன் போன் செய்தான். தங்கைக்கு அல்ல, அப்பாவுக்கு. ஏறப் போன இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வழி பின்னோக்கிப் போகிறது, விதிப்படி செல்லாது என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்களாம். எவ்வளவோ சண்டை போட்டும் ஒன்றும் நடக்கவில்லையாம். இனி கிடைக்கும் டிக்கெட்டில் வருகிறேன் என்றானாம். பாப்பாவை ஒன்றும் சொல்லாதீர்கள், அவசரத்தில் கவனித்திருக்க மாட்டாள் என்றும் சொன்னானாம். அப்பா இதையெல்லாம் ஆபீசுக்குப் போன் செய்து அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். எந்தப் பத்தியைத் தப்பாகப் படித்தோம் என்றுதான் முதலில் ஓடியது. விதிப் புத்தகத்தை மறுபடி திறந்தாள். பத்தி அங்கேயேதான் இருந்தது. அதன் பிறகுதான் அண்ணனின் பதிவைத் திரையில் எடுத்தாள்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. யார், எப்போது, எந்த வழியாக, எதை மாற்றினார்கள் என்பது வரி வரியாக நிற்கும். பயணிகளுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அவளுடைய குறியீட்டில் ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொன்று. புதன்கிழமை, அண்ணன் ஊரில் காலை ஏழு மணி, விமானம் கிளம்ப ஐந்து மணி நேரம் இருக்கையில். மாற்றக் கேட்டவர்: பயணி. வழி: தொலைபேசி. மாற்றம்: மூன்று செக்டர்களிலும் தேதி மட்டும், ஐந்து நாள் தள்ளி. கவுண்டரில் யாரும் அந்த டிக்கெட்டைத் தொட்டதற்கு அடையாளமே இல்லை. அவன் விமான நிலையத்துக்கே போகவில்லை.

ஷாம்பு ஊரில் இயந்திரத்தின் சோதனை ஓட்டம் அடுத்த திங்கட்கிழமை காலையில்தான் முடிவதாக இருந்தது. அது அவளுக்குத் தெரியும். பழைய டிக்கெட்டை அதற்கேற்றபடி போட்டவளே அவள்தான்.

அந்தப் பக்கத்தை அச்சிட்டு, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஆட்டோவில் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தாள். அறைக் கதவைத் தள்ளியபோது அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மா கண் திறந்திருந்தாள். விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது பார்த்ததுமே புரிந்தது. அம்மா கையை நீட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தப்பு நடக்குறதுதான். நீ வேணும்னா செஞ்சே? மனசுல வெச்சுக்காதே."

மூச்சு வாங்கியதால் இவ்வளவையும் மூன்று தவணையாகச் சொன்னாள். கைப்பை மகளின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. திறந்தால், மகன் வர முடியாமல் நிற்கிறான் என்று நம்பிப் படுத்திருப்பவளுக்கு, அவன் வராமல் இருக்கிறான் என்று தெரியும். அவள் சரி என்று தலையாட்டினாள். அம்மா மணிக்கட்டை விடவில்லை. மன்னித்த திருப்தி அந்த முகத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அம்மா போய்விட்டாள். வெள்ளிக்கிழமை முழுவதும் நினைவோடுதான் இருந்தாள். மாலையில் ஒரு முறை மணி கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது. வீடு நிறைய ஆட்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து வாசல்வரை போட்டிருந்தார்கள். அப்பாவின் தங்கையான அத்தை, வந்தவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் பெட்டியோடு விமான நிலையத்தில் நின்று கெஞ்சியது, அவர்கள் ஈவிரக்கம் இல்லாமல் துரத்தியது எல்லாம் அத்தை வாயில் கண்ணால் பார்த்ததுபோலவே வந்தது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் துரத்தியவர்களின் எண்ணிக்கை கூடியது. கடைசியில் குரலைத் தாழ்த்துவாள். ஆனால் சமையலறை வரை கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்துவாள்.

"ஊர்ல இருக்குறவனையெல்லாம் உலகம் சுத்த அனுப்புறா. கூடப் பொறந்தவனை வீடு கொண்டுவந்து சேர்க்கத் தெரியல."

சித்தப்பாவுக்கு வேறு கவலை. ஏர்லைன்ஸ் மீது வழக்குப் போட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எந்த விதி, எந்தப் பிரிவு என்று எழுதித் தரும்படி அவளைப் பின்தொடர்ந்து வந்தார். தப்பு ஏர்லைன்ஸுடையது அல்ல என்று அவள் சொன்னாள். அப்படியானால் யாருடையது என்று கேட்கப்போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அத்தை சொன்னதைவிட அந்தத் தட்டல்தான் அவளுக்கு எரிந்தது.

அண்ணன் புதன்கிழமை காலை வந்தான். வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அவன் அழுதது பொய்யில்லை. அதில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அத்தை அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அப்பா மகனின் முதுகைத் தடவிவிட்டு, பெட்டியைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பகலில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்த போர்வைகளைத் துவைத்து அவள் மாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் மேலே வந்தான். போர்வையின் மறு முனையைப் பிடித்து உதறினான். பாக்கி இருக்கும் நான்கு ஊர்களுக்கும் திங்கட்கிழமை கிளம்புகிற மாதிரி ஒரு டிக்கெட் போட முடியுமா என்று கேட்டான்.

போடலாம் என்றாள். பிறகு, "புதன்கிழமை காலையில ஏழு மணிக்கு நீ போன் பண்ணியிருக்கே" என்றாள்.

அவன் போர்வையை விடவில்லை. ஓரத்தை நேராக்கிக் கொடியில் போட்டான். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. போன தடவையும் டாக்டர் இப்படித்தான் சொன்னார் என்று ஆரம்பித்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவன் ஓடி வந்தான். அம்மா வாசலில் நின்று, ஏன்டா இளைச்சுட்டே என்று கேட்டாள். நடந்ததுதான். அந்தத் தடவை பாதியில் விட்டு வந்த இயந்திரத்தால் அவனுக்கு வர வேண்டிய பதவி இன்னொருவனுக்குப் போனது. இந்தத் தடவை ஐந்தே நாள்தான். ஐந்து நாள் தாங்கும் என்று நினைத்தான். திங்கட்கிழமை சோதனை ஓட்டம் நன்றாக முடிந்தது. பதவி உறுதியாகிவிட்டது. அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு கணம் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவனே அதைக் கவனித்துவிட்டு நிறுத்தினான்.

"அதெல்லாம் சரி. ஏன் என் மேல போட்டே?"

"வேற யார் மேல போடுறது? ஏர்லைன்ஸ் மேல போட்டா சித்தப்பா கோர்ட்டுக்குக் கிளம்பிடுவாரு. கம்பெனி மேல போட்டா அப்பா என் மேலதிகாரிக்கே போன் பண்ணுவாரு." போர்வையின் சுருக்கத்தை நீவினான். "நீன்னா எல்லாரும் ரெண்டு நாள் பேசிட்டு விட்டுடுவாங்க பாப்பா. நீ வீட்டுப் பொண்ணு."

"அம்மா விடல. மன்னிச்சாங்க."

அவனுக்கு அது புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. நல்லதுதானே என்றான். திங்கட்கிழமை டிக்கெட்டை நினைவுபடுத்தினான். கம்பெனியில் வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார்களாம். இந்த மாதிரி சிக்கலை அவளைத் தவிர யாரையும் நம்பிக் கொடுக்க முடியாது என்று இவன் சொல்லிவிட்டானாம். நிஜமாகவே பாராட்டாகத்தான் சொன்னான்.

அவன் இறங்கிப் போன பிறகு அவளும் இறங்கினாள். கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். அம்மாவிடம் காட்டாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. ஒருவராவது தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், அத்தை வாயை மூடவும் வேண்டாம். அப்பா ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

அப்பா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். நீள நோட்டு திறந்திருந்தது. அதன் நடுவே ஒரு நீளச் சீட்டு கிடந்தது. அண்ணனின் பெட்டிக் கைப்பிடியில் ஒட்டியிருந்த லக்கேஜ் சீட்டு. கத்தரியால் ஒழுங்காக வெட்டி எடுத்திருந்தார். அதில் மூன்று விமான எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன. நோட்டில் செவ்வாய்க்கிழமை எழுதிய மூன்று எண்களுக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டைச் சரியாகப் பொருத்தி வைத்திருந்தார்.

"அதே மூணு வண்டி. அதே வழி. ஆறு நாப்பதுக்குத்தான் எறங்கியிருக்கான். தேதி மட்டும் வேற," என்றார். "வழி செல்லாதுன்னா, அந்த வழியிலயே எப்படி வந்தான்?"

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அவள் மடித்த தாளை மேசைமேல் வைத்தாள். அப்பா அதைப் பிரிக்கவில்லை. காற்றில் பறந்துவிடக் கூடாது என்பதுபோல உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"தெரியுமாப்பா உங்களுக்கு?"

"நேத்துத்தான் தெரியும். பெட்டியை இழுத்துட்டு வரும்போது."

வாசலில் மகன் அழுதுகொண்டிருந்தபோதே அவர் சீட்டைப் படித்துவிட்டார். முதுகைத் தடவிய கையால் பெட்டியை இழுத்தவர், நடையில் நின்று படித்திருக்கிறார். இதற்காகத்தான் ஒரு வாரமாக அந்தத் தாளைச் சுமந்துகொண்டிருந்தாள். இப்போது அவர் அண்ணனைக் கூப்பிடுவார் என்று நினைத்தாள். கூப்பிடாவிட்டாலும் தன்னிடமாவது ஏதாவது சொல்வார்.

அப்பா டிப்போவைப் பற்றிப் பேசினார். வண்டி முக்கால் மணி தாமதமாக வரும். டிரைவர் இறங்கி வந்து டயர் பஞ்சர் என்பான். கூண்டிலிருந்தே டயர்கள் தெரியும். எதுவும் கழற்றி மாட்டியதாக இருக்காது. வழியில் யாரையோ பார்க்கப் போயிருப்பான், அல்லது தூங்கியிருப்பான். இவர் பஞ்சர் என்று எழுதுவார். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை பஞ்சர் எழுதினார் என்று அவருக்கே தெரியாது.

"டிரைவர் சொல்றதை எழுதுறதுதான் டைம் கீப்பர் வேலை. டயரைத் தட்டிப் பாக்குறது இல்லை."

"பொய்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். காலியா விட்டா மேல இருந்து கேப்பாங்க. ஏதோ ஒண்ணு எழுதியிருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. மறுநாள் அவன் வண்டி எடுக்கணும்ல."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். கூடத்தில் அத்தை யாருக்கோ தொலைபேசியில் விமான நிலையக் கதையைச் சொல்வது கேட்டது.

"அம்மா என் மேல தப்புன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாங்கப்பா."

"ஆமா. உன்னை மன்னிச்சுட்டுப் போனா." அப்பா பேனாவின் மூடியைக் கழற்றினார். "அவனை மன்னிக்க வேண்டி வந்திருந்தா அவளால முடிஞ்சிருக்குமோ என்னமோ."

"உங்களால?"

நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை இழுத்த வரியில் வருகைக் கட்டம் காலியாகவே இருந்தது. அதில் புதன்கிழமையின் தேதியையும் ஆறு நாற்பது என்றும் எழுதினார். தாமதக் கட்டத்தில் ஐந்து நாள் என்று எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது.

"நீ எப்பவும் இங்கதாம்மா இருப்பே," என்றார் நோட்டைப் பார்த்தபடியே. "அவன் வரணும்."

பிறகு எழுதினார். டிக்கெட் பிழை. டிப்போ ரிஜிஸ்டரில் எழுதுவதுபோலத் தனித்தனி எழுத்தாக, யார் படித்தாலும் சந்தேகம் வராதபடி எழுதினார். மை காயும்வரை காத்திருந்து நோட்டை மூடினார். உள்ளங்கைக்குக் கீழே இருந்த தாளை, பிரிக்காமலே, அவள் பக்கம் தள்ளினார். லக்கேஜ் சீட்டைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூடத்துக்குப் போய், மகனிடம் டீ குடித்தாயா என்று அவர் கேட்பது அறைக்குள் நின்றிருந்த அவளுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை அவள் ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் எழுந்து வந்து துக்கம் கேட்டார். விஷயம் ஆபீஸ்வரை வந்திருந்தது. அண்ணனின் கம்பெனி வழியாக வந்திருக்க வேண்டும். அவர் அதைக் கேட்கவில்லை. அன்று அவளைப் பதினாறு என்று கூப்பிடவும் இல்லை, அம்மா என்று மட்டும் கூப்பிட்டார். இரண்டு நாளைக்குச் சுலபமான வேலை பார்க்கலாமே என்றார்.

தாளைக் கிழிக்கும் இயந்திரம் அவள் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கைப்பையிலிருந்த மடித்த தாளை அதில் விட்டாள். பதிவின் வரலாறு திரையில் எப்போதும் இருக்கும். ஆனால் அதைக் கேட்டு வர இனி யாரும் இல்லை.

பிறகு அண்ணனுடைய திங்கட்கிழமை டிக்கெட்டை எடுத்தாள். நான்கு ஊர், ஐந்து செக்டர், போய்த் திரும்புகிற சாதாரண டிக்கெட். திசை பற்றி ஒரு விதியும் இல்லை. முன்னே போகலாம், பின்னே வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய வேலை. முக்கால் மணி நேரத்தில் முடித்தாள். ஒவ்வொரு தேதியையும் விரல் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. இன்னொரு முறை பார்த்தாள். அப்போதும் சரியாக இருந்தது.

டிக்கெட்டை வெளியிடும் பொத்தானின் மேல் விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள். பத்தாவது மேசையில் இருந்த பெண், சேர்ந்து இரண்டு வருடம் ஆனவள், எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, இதை ஒரு முறை பார்த்துச் சரியா என்று சொல் என்று கேட்டாள்.